மழைக்காலத்துக்கு ஒரு மகேந்திரா வேன்

வெளிநாட்டுல வண்டிகளைப் பத்தி எழுதுறவங்களை நவம்பர், டிசம்பர்ல படிச்சுப் பாருங்க. எல்லாரும் பனியைப் பத்தியே பேசுவாங்க. வாசல்ல மூணடிக்குப் பனி கொட்டிக் கிடக்கும், ஸ்கூலுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும், வீட்டுல இருக்கறது இருபது வருஷப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வேன். "இந்த வருஷமும் காப்பாத்திடுச்சுப்பா"ன்னு ஒரு பெருமூச்சோட முடிப்பாங்க.

நமக்கு ஏதுடா பனின்னு கேக்காதீங்க. ஒரு வருஷத்தை ஆறு பருவமா பிரிச்ச நம்ம ஆளுங்க கார், கூதிர், முன்பனி, பின்பனின்னு நாலு பேரை மழைக்கும் குளிருக்குமே கொடுத்துட்டாங்க. இதுல ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மழையும் வாடையும் சேர்ந்து அடிக்கிற காலம். உத்திரமேரூர் பக்கம் பொறந்தவனைக் கேட்டா, அதுதான் எங்க விண்டர்னு சொல்லுவான். அங்க பனி, இங்க சேறு. வண்டி மாட்டிக்கிறது மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான் :)

அந்த சேத்துக்குன்னு எங்க பக்கம் ஒரு வண்டி இருந்துச்சு. கம்பெனி பேர் மஹிந்திரா, ஊர் வாயில மகேந்திரா வேன். கல்யாணம், சாவு, சபரிமலை, மேல்மலையனூர் அமாவாசை, பிரசவம் எல்லாத்துக்கும் அதான். தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டு கிராமத்துல வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த மூக்கில்லாத மூஞ்சி ஞாபகம் இருக்கும். ஆனா அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா பல பேருக்குத் தெரியாது. பொட்டி தட்டுற வேலைக்கு நடுவுல கொஞ்சம் நோண்டினேன். நோண்ட நோண்ட அமெரிக்கா, காஷ்மீர், மெட்ராஸ் துறைமுகம்னு கதை எங்கெங்கயோ போச்சு. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க.

மொதல்ல ஊரைச் சொல்லிடறேன். 2019 நவம்பர்ல மாவட்டத்தைப் பிரிச்சப்போ செங்கல்பட்டு தனியா போச்சு, உத்திரமேரூர் காஞ்சிபுரத்தோடவே நின்னுடுச்சு. ரெண்டு மாவட்டமும் ஏரி பூமிதான். ஊருக்கு ஒரு ஏரி, சில ஊருக்கு ரெண்டு. தமிழ்நாட்டோட வருஷ மழையில சுமார் பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வடகிழக்குப் பருவமழையா கொட்டிடும். ஏரி ரொம்பி கலங்கல் போகும். கலங்கல் தண்ணி அடுத்த ஏரிக்குப் போற வழியில ரோடு குறுக்க வந்தா, ரோட்டு மேலேயே ஏறிப் போகும். களிமண் வேற. காலை வச்சா செருப்பு மண்ணுக்குள்ள, கால் மட்டும் வெளிய.

ஆத்தைப் பத்தி சொல்லவே வேணாம். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் வர்ற ரோட்டுல வெங்கச்சேரிகிட்ட செய்யாறு குறுக்க வரும். 2021 நவம்பர் வெள்ளத்துல அங்க தரைப்பாலம் முழுகி காஞ்சிபுரம் – உத்திரமேரூர் போக்குவரத்தே நின்னுச்சு. எந்த நூற்றாண்டுல இருக்கோம்னு அன்னிக்கு சந்தேகமே வந்துச்சு.

தண்ணிக்கும் எங்க ஊருக்கும் உறவு ரொம்பப் பழசு. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டுகள். ஊரை 30 குடும்பா பிரிச்சு, ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தாங்க. அந்த வாரியங்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பாத்துக்கறதுக்குன்னே தனியா ஒரு கமிட்டி, ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி! எல்லாரும் அந்தத் தேர்தலைப் பத்திதான் பெருமையா பேசுவாங்க. எனக்கு என்னமோ அந்தக் கல்வெட்டுல பிடிச்சது ஏரி வாரியம்தான். மழை வர்றதுக்கு முன்னாடி யார் பொறுப்புன்னு பேர் எழுதி வச்சுட்டாங்க பாருங்க.

அதே கல்வெட்டுல இன்னொண்ணும் இருக்கு. யார் பேரை ஓலையில எழுதலாம்? கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35லிருந்து 70க்குள்ள, வேதம் தெரிஞ்சிருக்கணும். அப்ப ஊர்ல மிச்சம் இருந்தவங்க? அவங்க பேர் குடத்துக்குள்ளயே வராது. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, வேனுக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற வண்டி ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. டச்சுக் கம்பெனி ஸ்பைக்கர் 1903லயே ஒரு ரேஸ் கார் செஞ்சாங்க. ஆனா சாதாரண மனுஷன் கைக்கு அது வந்தது யுத்தத்தால. 1940ல அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்புச்சு. சின்ன வண்டி வேணும், நாலு சக்கர ஓட்டம் வேணும், முதல் வண்டி 49 நாள்ல வந்து நிக்கணும். இந்த மாதிரி டெட்லைனை எங்க மேனேஜர் கூட கொடுத்ததில்லை. 135ல உருப்படியா பதில் போட்டது ரெண்டே பேர், பாண்டம், வில்லிஸ். பாண்டம் ரொம்பச் சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட்னு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு வரைய வச்சு, செப்டம்பர் 23ம் தேதி சொன்ன மாதிரி வண்டியைக் கொண்டு போய் நிறுத்திட்டாங்க.

அப்புறம் வழக்கமான கதைதான். ஐடியா ஒருத்தருது, ஆர்டர் இன்னொருத்தருக்கு. பாண்டமால அவ்வளவு வண்டி செய்ய முடியாதுன்னு ராணுவம் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிடுச்சு. வில்லிஸ்கிட்ட நல்ல இன்ஜின் இருந்துச்சு, 60 குதிரைசக்தி. ஆனா வண்டி எடை அதிகம். பார்னி ரூஸ்ங்கிற அவங்க தலைமை இன்ஜினியர் போல்ட்டோட நீளத்தைக் கூட வெட்டி, பெயிண்ட்டை ஒரே கோட்டா குறைச்சு எடையை இறக்கினாராம். யுத்தம் முடியறதுக்குள்ள வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து சுமார் 6,40,000 ஜீப் தள்ளிட்டாங்க.

அந்த ஜீப் இந்தியாவுக்கு வந்த வழி ரெண்டு. ஒண்ணு, யுத்தம் முடிஞ்சு இங்கயே விட்டுட்டுப் போன ராணுவ வண்டிங்க. எஸ்டேட்காரங்க, காண்ட்ராக்டருங்க ஏலத்துல எடுத்து ஓட்டினாங்க. இன்னொண்ணு மஹிந்திரா. 1945 அக்டோபர் 2ம் தேதி ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகமதுவோட சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகமது'ன்னு ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பிரிவினையில குலாம் முகமது பாகிஸ்தான் போயிட்டார். அங்க முதல் நிதியமைச்சர், 1951ல கவர்னர் ஜெனரலே ஆயிட்டார். இங்க 1948ல கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆச்சு. ரெண்டாவது எழுத்தும் 'எம்'தாங்கிறதால லெட்டர்பேடை மாத்த வேண்டியிருக்கலைன்னு ஒரு கதை சொல்வாங்க. அமெரிக்காவுல இருந்தப்போ ஜீப்பைப் பார்த்து மயங்கின கே.சி. மஹிந்திரா, நல்ல ரோடு இல்லாத நாட்டுக்கு இதுதான் வண்டின்னு முடிவு பண்ணிட்டார். நாற்பதுகளோட கடைசியில வில்லிஸ் ஜீப்புங்க பாகம் பாகமா பம்பாய்ல வந்து இறங்கி, இங்க கோக்கப்பட்டுச்சு.

இதுக்கு நடுவுல பழைய ஜீப்பை நம்பின ஒரு சோகக் கதையும் இருக்கு. 1948ல காஷ்மீர்ல சண்டை. ராணுவத்துக்கு அவசரமா ஜீப் வேணும். லண்டன்ல ஹைகமிஷனரா இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் மூலமா, பழசைப் புதுப்பிச்சுத் தர்றோம்னு சொன்ன ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் ஆச்சு. வந்து சேர்ந்த 155 ஜீப் இறங்கினது நம்ம மெட்ராஸ் துறைமுகத்துலதான். பாத்தா, ஒண்ணும் ராணுவத்துக்கு ஆகாது! பாராளுமன்றத்துல பெரிய ரகளை. சுதந்திர இந்தியாவோட முதல் ஊழல் சர்ச்சைன்னு இதைத்தான் சொல்வாங்க. 1955ல அரசாங்கம் விஷயம் முடிஞ்சுதுன்னு அறிவிச்சு ஃபைலை மூடிடுச்சு. பழைய வண்டி வாங்கும்போது கீழ படுத்து சேஸிஸைப் பாருடான்னு எங்க ஊர் மெக்கானிக் சொல்றதை அன்னிக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அதே சண்டையில, அதே வருஷத்துல, நிஜமான பனியில வண்டி ஓட்டின கதை ஒண்ணு இருக்கு. ஜோஜி லா கணவாய். சுமார் 11,500 அடி உசரம். லடாக் போற வழியை எதிரி அடைச்சிருக்கான். அவ்வளவு உசரத்துல டாங்கி வரும்னு யாரும் கனவுல கூட நினைக்க மாட்டாங்க. ஜெனரல் திம்மையா 7வது லைட் கேவல்ரியோட ஸ்டூவர்ட் டாங்கிகளை அங்க கொண்டு போகச் சொன்னார். 1948 நவம்பர் 1ம் தேதி பனிக்கு நடுவுல டாங்கிகள் கணவாயைத் தாண்டுச்சு. படம் எடுத்தா டாங்கியைத்தான் காட்டுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி கோவேறு கழுதை போற பாதையை டாங்கி போற பாதையா வெட்டிக் கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். நம்ம பக்கத்து ஆளுங்க, குளிர்ல, மண்வெட்டியும் வெடிமருந்துமா நின்னு போட்ட ரோடு அது. வண்டியோட பேர் நிக்கும், ரோடு போட்டவன் பேர் நிக்காது. எந்த ஊர்லயும் இதான் நடக்குது.

இப்ப வேனுக்கு வந்துட்டோம்.

ஜீப்புக்கு ஒரு குறை. மூக்கு நீளம், பின்னாடி இடம் கம்மி. சரக்கு ஏத்தணும்னா வண்டியை நீளமாக்கணும், நீளமாக்கினா திருப்பறது கஷ்டம். வில்லிஸ் கம்பெனி இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. டிரைவரைத் தூக்கி இன்ஜின் பக்கத்துலயே உக்கார வச்சுட்டா? 1956 டிசம்பர்ல வந்த வில்லிஸ் எஃப்சி 150 அப்படி ஒரு வண்டி. பேரே 'ஃபார்வர்ட் கன்ட்ரோல்', அதாவது ஸ்டியரிங்கை முன்னாடி தள்ளிட்டாங்க. உருவம் கொடுத்தவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். அடியில சிஜே 5 ஜீப்போட சேஸிஸ், ரெண்டு அச்சுக்கும் நடுவுல 81 அங்குலம்தான். மேல தகர டப்பா. குட்டி யானைக்கு லாரி வேஷம் போட்ட மாதிரி இருக்கும்.

அமெரிக்காவுல அது எடுபடலை. முன்பாரம் அதிகம், சக்கரத்துக்கு சக்கரம் அகலம் கம்மி. 1958லயே அகலத்தைக் கூட்ட வேண்டியதா போச்சு. எட்டு வருஷத்துல மொத்தமே சுமார் 30,000 வண்டிதான் செஞ்சாங்க. அறுபதுகளோட நடுவுல கடையை மூடிட்டாங்க. அங்க தோத்த வண்டி இங்க வந்து ஜெயிச்சுது. 1965 வாக்குல இருந்து மஹிந்திரா அதை இங்க செய்ய ஆரம்பிச்சாங்க. எஃப்சி 150, அதுக்கு அப்புறம் கொஞ்சம் நீட்டின எஃப்சி 160, அப்புறம் டீசல் வண்டி எஃப்சி 260. அந்த வம்சத்துல எண்பதுகள்ல வந்ததுதான் எஃப்ஜே 460. நாலு சக்கர ஓட்டம் உள்ள வேன், 11ல இருந்து 15 பேர் வரை உக்காரலாம். தொண்ணூறுகள் பூரா ஓடுச்சு. ஆம்புலன்ஸ், போலீஸ் வேன், அரசாங்க ஜீப்பு, எல்லா வேஷத்துலயும் வரும்.

15 பேர்னு கம்பெனிக் கணக்கு. கல்யாண சீசன்ல எங்க ஊர்க் கணக்கு வேற. உள்ள இருபது, ஏணியில மூணு, மேல சாமான் :)

ஒரு உண்மையைச் சொல்லணும். எங்க பக்கம் நான் பாத்த மகேந்திரா வேன்கள்ல நிறைய பின் சக்கர ஓட்டம் மட்டும் உள்ளதுதான். வாடகைக்கு விடறவன் எதுக்கு எக்ஸ்ட்ரா அச்சுக்குக் காசு கொடுப்பான்? பெரியப்பா வச்சிருந்தது மட்டும் நாலு சக்கர வண்டி. ஏதோ அரசாங்க ஏலத்துல கழிச்சு விட்டதை எடுத்தது. ஏலத்துல எடுத்த அன்னிக்கு ஊரே சிரிச்சுதாம். முதல் ஐப்பசி வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சுன்னு பெரியம்மா சொல்லுவாங்க.

கொஞ்சம் டெக்னிக்கல், பயப்படாதீங்க. சாதா வண்டியில கியர் பாக்ஸ்ல இருந்து சக்தி ஒரே ஒரு அச்சுக்குப் போகும். இதுல கியர் பாக்ஸுக்குப் பின்னாடி 'டிரான்ஸ்ஃபர் கேஸ்'னு ஒரு பொட்டி. பக்கத்துல சின்ன லீவர். அதைத் தள்ளினா முன் அச்சுக்கும் சக்தி போகும். லோ போட்டா வேகம் ரொம்பக் குறைஞ்சு இழுவை சுமார் ரெண்டரை மடங்கு ஏறும். சேத்துல ஜெயிக்கிறது வேகம் இல்லை, இந்த இழுவைதான். மாடு சேத்துல ஏர் இழுக்குமே, அந்த நடை. தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரை எடுத்துடணும். இல்லன்னா திருப்பத்துல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு உள்ள இருக்கிற பல்லு போயிடும்.

நாலு சக்கரம்னா எங்க வேணா போகும்னு நினைக்கிறது தப்பு. ஒவ்வொரு அச்சுலயும் டிஃபரன்ஷியல்னு ஒண்ணு இருக்கு. எங்க பாஷையில சொன்னா அது ஒரு மட்டமான லோட் பேலன்சர். எந்த சர்வர் வேலை செய்யலையோ அதுக்கே எல்லா ரிக்வெஸ்ட்டையும் அனுப்பும். ஒரு சக்கரம் சேத்துல வழுக்குச்சுன்னா சக்தி பூரா அதுக்கே போய் அது மட்டும் சும்மா சுத்தும். பின் சக்கர வண்டியில ஒண்ணு வழுக்கினா கதை முடிஞ்சுது. நாலு சக்கர வண்டியில முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வழுக்கினாத்தான் முடியும். அதாவது இது ஒரு பேக்கப், அவ்வளவுதான். அதனாலதான் பெரியப்பா வண்டியில எப்பவும் ரெண்டு பலகை, ஒரு மண்வெட்டி, ஒரு சாக்கு, ஒரு கயிறு இருக்கும். வழுக்குற டயருக்கு அடியில சாக்கைப் போட்டு, கொஞ்சம் வைக்கோலைத் திணிச்சு, பின்னாடி நாலு பேர் தோளைக் கொடுத்தா வண்டி மேல ஏறும். ஃபோர் வீல் டிரைவ்ல அஞ்சாவது வீல் ஊர்க்காரங்கதான்.

தண்ணிக்கு வருவோம். பழைய பெட்ரோல் ஜீப்புக்கு தண்ணின்னா ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர்ல ஈரம் பட்டா பொறி வராது, இன்ஜின் நடு ஆத்துல நின்னுடும். டீசல்ல பொறியே கிடையாது. காத்தை அழுத்தி அந்தச் சூட்டுலயே எரியுது. அதனால சக்கரம் முழுகுற தண்ணியில கூட டீசல் வண்டி முனகிக்கிட்டே போயிடும். ஆனா காத்து இழுக்கிற வாய்க்குள்ள தண்ணி போச்சுன்னா, தண்ணியை அழுத்த முடியாது, உள்ள கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அதோட இன்ஜின் காலி. தரைப்பாலத்துல தண்ணி ஓடும்போது ஒரு ஆள் இறங்கி முன்னாடி நடந்து போகணும், முழங்காலுக்கு மேல வந்தா வண்டி திரும்பணும். இது பெரியப்பா சட்டம். ஓடுற தண்ணி ஆழத்தை விட ஆபத்து. தள்ளிவிட்டுடும். இன்னிக்கும் ஒவ்வொரு மழைக்கும் தரைப்பாலத்துல கார் அடிச்சிட்டுப் போன சேதி வருது பாருங்க, அவங்க யாரும் நடந்து பாக்கலை.

மார்கழிக் காலையில வேற பிரச்சினை. குளிர்ல டீசல் இன்ஜின் எழுந்துக்காது. சிலிண்டர் சில்லுனு இருந்தா, அழுத்தின காத்து போதுமான சூடு ஏறாது. அதுக்குத்தான் ஹீட்டர்னு சொல்ற குளோ பிளக். சாவியைத் திருப்பி ஹீட்டர் போட்டு, இருபது எண்ணி, அப்புறம் ஸ்டார்ட். அமெரிக்காவுல பனியில நிக்கிற டீசல் வண்டிக்கும் இதே வைத்தியம்தான். ஸ்டார்ட் ஆனதும் ஒரு சுகம் உண்டு. ஃபார்வர்ட் கன்ட்ரோல்னால இன்ஜின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல, ஒரு மூடிக்குக் கீழ இருக்கும். அந்த மூடி மேல ஒரு சாக்கைப் போட்டு உக்காந்தா இதமா இருக்கும். அஞ்சு மணிக்கு வைகுண்ட ஏகாதசிக்குப் போறப்போ அந்த இடத்துக்கு எங்களுக்குள்ள அடிதடியே நடக்கும். சித்திரையில அதே இடத்துக்கு ஆள் இருக்காது.

இப்ப அந்த வண்டி எதுக்கு முக்கியம்னு சொல்றேன்.

2005 மழை ஞாபகம் இருக்கா? தமிழ்நாடு பூரா அடிச்ச மழை. நான் சின்னப் பையன், இது அம்மா சொன்னது. கார்த்திகை மாசம், ராத்திரி பதினோரு மணி. காலனியில ஒரு அக்காவுக்கு வலி எடுத்துடுச்சு. அவங்க வீட்டுக்காரர் நனைஞ்சுக்கிட்டே வந்து வாசல்ல நின்னார்.

"அண்ணே, வண்டி அங்க வருமா?"

"வண்டி வரும். வழி இருக்கான்னு சொல்லு."

"வழி எங்கண்ணே இருக்கு. ஏரித் தண்ணி நிக்குது."

"சரி ஏறு. பலகையை எடுத்துப் போடு."

ஊர் தெருவுல இருந்து காலனிக்கு ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. ஊர் தெரு வரைக்கும் தார் ரோடு. அதுக்கு மேல மண்ணு. அந்த ஒரு கிலோமீட்டருக்குத்தான் சின்ன லீவர் தேவைப்பட்டுச்சு. போக முக்கா மணி நேரம், திரும்ப முக்கா மணி நேரம். அப்புறம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் முப்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல போயிட்டாங்க. பொறந்த பொண்ணு இப்ப காலேஜ்ல படிக்குது. வண்டியால பொறந்தவன்னு இன்னும் கிண்டல் பண்ணுவாங்க.

இந்தக் கதையை எங்க வீட்டுல பெருமையாத்தான் சொல்லுவாங்க. பெருமைதான், இல்லன்னு சொல்லலை. ஆனா எனக்கு அந்த ஒரு கிலோமீட்டர் உறுத்துது. பெரியப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன், இந்த வண்டியில நாலு சக்கரமும் போட்டு ஓட்டின இடமெல்லாம் எது எதுன்னு. யோசிச்சு யோசிச்சு சொன்னார். காலனி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருளர் குடிசைங்க, செங்கல் சூளை, கடைசித் தெரு. எழுதிப் பாத்தேன். ரோடு போடாத இடங்களோட லிஸ்ட் அப்படியே வந்து நின்னுச்சு. ஆயிரம் வருஷம் முன்னாடி குடத்துக்குள்ள பேர் வராத மனுஷங்க எங்க இருந்தாங்களோ, கிட்டத்தட்ட அங்கதான் தார் வந்து சேரலை. வெளிநாட்டுல ஃபோர் வீல் டிரைவ் வானிலைக்கு. எங்க ஊர்ல அது ரோடு போடாததுக்கும் சேர்த்து.

அவசரத்துக்கு நம்பறது ஒரு வீட்டு வண்டியைன்னா, நம்பறவன் அந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். பெரியப்பா நல்ல மனுஷன், ராத்திரி எழுந்து வந்தார். இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் எழுந்திருக்கலைன்னா? கேக்கவே முடியாதே. உதவியா வர்ற வரைக்கும் அது உரிமை ஆகாது.

மெல்ல எல்லாம் மாறுச்சு. 1997ல மினி பஸ் திட்டம் வந்துச்சு. 2000 டிசம்பர்ல பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல 108 வந்துச்சு. யார் வாசல்லயும் நிக்க வேணாம், மூணு நம்பர் அமுக்கினா போதும். என்னைக் கேட்டா, மகேந்திரா வேனை ஓய்வுக்கு அனுப்பினதுல பெரும்பங்கு இந்த மூணுக்கும்தான். டாடா சுமோ, டெம்போ டிராக்ஸ்லாம் அப்புறம்தான். சாமான் ஏத்துற வேலையை 2005ல வந்த டாடா ஏஸ் புடுங்கிக்கிச்சு. எங்க காலனிக்கும் 2011 வாக்குல ரோடு வந்துச்சு. அடுத்த வருஷமே பெரியப்பா வேனை வித்துட்டார். யாரும் இப்ப கூப்பிடறதில்லடா, எதுக்கு இன்சூரன்ஸ் கட்டிக்கிட்டுன்னார். குரல்ல வருத்தம் இல்ல.

வண்டியைப் பத்தி ரொம்ப உருகவும் வேணாம். முட்டினா முதல்ல உடையறது டிரைவர் முழங்கால். மூக்கில்லாத வண்டியில நம்ம காலுக்கும் எதிர் லாரிக்கும் நடுவுல ஒரு தகரம்தான். சீட் பெல்ட் கிடையாது. புகை சொல்லவே வேணாம். 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆக்கினப்போ பழைய வண்டிப் பிரியர்கள் எல்லாம் கத்தினாங்க. ஆசையா வச்சுக்கறவங்க கட்டட்டும். ஒரு ஊரே நம்பி இருக்கற வண்டி அந்த நிலைமையில இருக்கக் கூடாது.

ஆனா மழை மாறலையே. 2015 டிசம்பர் 1ம் தேதி தொடங்கின அந்த 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்துல 47 சென்டிமீட்டர் கொட்டுச்சு. 2021ல பாலாறும் செய்யாறும் சேர்ந்து வந்துச்சு. தார் ரோடு இருந்தும் தரைப்பாலத்துல போய் முடிஞ்சா 108 அந்தப் பக்கம் நிக்கும், நோயாளி இந்தப் பக்கம் நிப்பார். அந்த மாதிரி நாள்ல இப்ப எங்க ஊர்ல கூப்பிடறது டிராக்டரை.

கடைசியா ஒரு வேடிக்கை. மஹிந்திரா கம்பெனிக்கு இப்ப வண்டி டிசைன் பண்ற பெரிய ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுக்கிட்ட மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில இருக்கு. செய்யாறு பக்கம் 450 ஏக்கருக்கு மேல ஒரு டெஸ்ட் டிராக், 2021ல திறந்தாங்க. ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் மேடு, பள்ளம், சேறுன்னு ஓட்டிப் பாக்கறதுக்கு இடம் கட்டியிருக்காங்க. எங்க பெரியப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு, "நம்ம காலனி ரோட்டை அப்படியே விட்டிருந்தா வாடகைக்கு விட்டிருக்கலாமேடா"ன்னார்.

போன வாரம் அந்தக் காலனி ரோட்டுல பைக்ல போனேன். ரோடு பரவாயில்ல. ஆனா கலங்கல் தண்ணி குறுக்க போற இடத்துல குழாயைப் போட்டு மூடியிருக்காங்க, அதுல பாதி மண்ணு அடைச்சுக் கிடக்கு. ஐப்பசிக்கு முன்னாடி அதைத் தோண்டணும். யார் பொறுப்புன்னு விசாரிச்சுப் பாத்தேன். ஊராட்சின்னு ஒருத்தர், பொதுப்பணித்துறைன்னு இன்னொருத்தர். ஏரி வாரியத்துல யார் யார்னு ஓலையில எழுதி வச்ச ஊருங்க இது. கூப்பிட்டா நாலு பேர் வருவாங்க, மண்வெட்டி இருக்கு. மனு ஒண்ணும் எழுதி வச்சிருக்கேன், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கணும்.

உங்க ஊர்லயும் மழைக்காலத்துக்குன்னு ஒரு வண்டி இருந்திருக்கும். ஜீப்போ, மெட்டடோரோ, மாட்டு வண்டியோ. அது நாலு சக்கரமும் போட்டு எங்கெல்லாம் போச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. அந்த இடத்துக்கு இப்ப ரோடு வந்துடுச்சான்னும் சேர்த்துக் கேளுங்க.